எரிந்துபோனதாகச் சொன்ன வயரிங்

பழைய கார் வைத்திருக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கார்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவை பாவம், போட்ட இடத்தில் கிடக்கும். வைத்திருக்கிறவர்களைத்தான் சகிக்க முடியாது. திருவனந்தபுரத்தில் தொண்ணூறுகளின் நடுவில் இந்தச் சீக்கு பரவியது. அதுவரை அப்பாவின் கார் கொல்லைப்புறத்தில் கோழி அடையக் கிடந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அது ‘கிளாசிக்’ ஆகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கவடியாரில் கூடுவார்கள். தொப்பி, கூலிங் கிளாஸ், இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை. சங்குமுகம் கடற்கரை வரை வரிசையாகப் போய், ஒருவர் காரை இன்னொருவர் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். திரும்பும்போது பாதி வண்டிகளைக் கயிறு கட்டித்தான் இழுத்து வர வேண்டும். கயிறு கட்டிய வண்டி நேரே என் பட்டறைக்கு வரும்.

என் பட்டறை கரமனையில், பாலத்துக்குக் கொஞ்சம் இப்புறம். நான் கார் எலெக்ட்ரீஷியன். இந்தக் கூட்டத்துக்கு வண்டியில் பளபளக்கிற பாகம் எல்லாம் தெரியும். பம்பரின் முலாம் எந்த ஊரில் போட்டது, கதவுக் கைப்பிடி எந்த வருஷத்து மாடல் என்று வாய் கிழியப் பேசுவார்கள். உள்ளே ஓடும் வயரைப் பற்றிக் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர், பாட்டரியைத் தானே மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். அம்மீட்டர் முள் எதிர்ப்பக்கம் ஓடுகிறது, வண்டியில் ஏதோ பேய் சேர்ந்திருக்கிறது, நேற்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்துப் பார்த்துவிட்டேன் என்றார். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பாட்டரியின் பிளஸ் பக்கத்தைத்தான் பாடியில் முடுக்குவார்கள், நம் ஊர் வண்டிக்கு நேர் எதிர். அவர் வழக்கப்படி மைனஸை முடுக்கியிருந்தார். தலைகீழாக மாட்டியது நீங்கள்தான் சார் என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், டிரைவர் செய்திருப்பான் என்றார். அவருக்கு டிரைவர் கிடையாது.

இப்படிப்பட்டவர்களின் வண்டிகளில்தான் என் காலம் ஓடியது. சாதாரண டாக்ஸிக்காரன் வண்டியைக் கொண்டுவந்தால் மரியாதையாக வேலை செய்வேன். அவனுக்கு அது சோறு. இவர்கள் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்வேன். ஆனாலும் என்னிடம்தான் வந்தார்கள். துணி சுற்றிய பழைய வயரிங்கை முழுதாகக் கழற்றி, அதே போல் புதிதாகக் கட்டித் தரத் தெரிந்தவன் அப்போது இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

தொண்ணூற்றெட்டில், மழைக்காலம் தொடங்குவதற்கு முன், ஒரு வண்டி லாரியில் வந்து இறங்கியது. ஐம்பதுகளின் இங்கிலாந்துக் கார். மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. கூட வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பழைய கார்க்காரர்களின் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர் என்பது தொப்பியைப் பார்த்தாலே தெரிந்தது, விலைச் சீட்டு இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இது அச்சனோட வண்டி. எஸ்டேட்ல வச்சு வயரிங் மொத்தம் எரிஞ்சு போயி. அப்புறம் ஓட்டவே இல்ல கேட்டோ. ஃபுல்லா புதுசா கட்டணும். ஆனா பாக்க ஒரிஜினல் மாதிரியே இருக்கணும்.”

“எந்த எஸ்டேட்டு சார்?”

சொன்னார். அதற்குள் நான் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டேன். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம்.

நான் பிறந்தது அந்தத் தோட்டத்தின் லயத்தில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். விதுராவுக்கு மேலே, மலைக்குள். பெயர் இங்கே வேண்டாம். அப்பாவும் அம்மாவும் அங்கே தேயிலையில் வேலை. வெள்ளைக்காரன் போய் இருபது வருஷம் ஆன பிறகும் தோட்டத்து மானேஜரைத் துரை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எங்கள் துரை என்னைவிடக் கறுப்பு. அது அவரையும் உறுத்தவில்லை, கூப்பிட்ட எங்களையும் உறுத்தவில்லை. இந்தக் கார் அவருடையது. வளைவில் அது வரும் சத்தம் கேட்டதும் பெரிய ஆம்பிளைகள்கூடத் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள். கார் போன பிறகு, அது கிளப்பிய தூசியில் நின்றபடி துண்டைத் திரும்பக் கட்டிக்கொள்வார்கள்.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, ஒரு நாள் சாயங்காலம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவை விரியன் கடித்தது. மணி நாலரைக்கு மேல் இருக்கும். தோட்டத்து லாரி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. இருந்த ஒரே வண்டி துரையின் கார். அப்பா பங்களாவுக்கு ஓடினார். துரை வாசலுக்கு வந்து, வண்டியின் வயரிங் எரிந்துவிட்டது, விளக்கு எரியாது, இருட்டுவதற்குள் இறங்க முடியாது என்று சொன்னார். அப்பா திரும்பி வந்தார். கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். விதுராவின் முதல் விளக்கு தெரிகிற இடத்தில் அம்மா செத்துப்போனாள். கம்பளியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, தூக்கிக்கொண்டு போனவர்கள் சட்டென்று மெதுவாக நடக்கத் தொடங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது.

அந்த வாரமே, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இருந்த அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்புறம் நான் மலை ஏறவில்லை. வயரிங் வேலை கற்றேன். எந்த வேலையும் கற்றிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தது. ஒரு மனுஷியைச் சாகடிக்கிற சாமான் வயரிங் என்றால் அது என்ன என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். வேலை தெரியத் தெரிய எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அவ்வளவு லேசில் ஒரு காரின் வயரிங் எரியாது. எரிந்தாலும் எல்லாம் ஒன்றாக எரியாது. விளக்கு மட்டும் போயிருந்தால், மெக்கானிக்கே இல்லாமல் அரை மணி நேரத்தில் நேராகப் பாட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்து எரியவைக்கலாம். துரை பொய் சொன்னார் என்று இருபது வயதில் முடிவு கட்டினேன். ஆனால் சாட்சி இல்லை.

ஆனால் நான் உண்மையில் வெறுத்தது துரையை இல்லை. அவன் எங்கோ இருந்தான். நான் இளப்பமாகப் பார்த்தது என் அப்பாவைத்தான். வயசாகி வேலையை விட்டதும் அவர் கரமனைக்கு வந்து என்னோடு ஆறு வருஷம் இருந்தார். அந்த ஆறு வருஷமும் சோறு போட்டேன், துணி வாங்கிக் கொடுத்தேன், மரியாதை மட்டும் கொடுக்கவில்லை. நான் எப்போதாவது குடித்துவிட்டு வந்தால் அவரிடம் கேட்பேன்.

“அவன் சொன்னா நீ நம்பிட்டு வந்துருவியா? பானெட்டத் தூக்கிக் காட்டுன்னு கேட்டியா? சட்டையப் பிடிச்சியா? கும்பிட்டுட்டு வந்துட்டே.”

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்பார். பன்னிரண்டு வருஷம் அதே ஆளுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் மாதிரி என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்று என் பெண்டாட்டியிடம் அவர் காதுபடவே சொல்வேன். அடிமைப் புத்தி என்பேன். முதுகெலும்பு இல்லாத ஜன்மம் என்பேன். தொண்ணூற்றொன்றில் அவர் செத்தபோது நான் அழவில்லை. அழாததைப் பெரிய யோக்கியதையாக வேறு நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கார் என் பட்டறையில் நின்றது. எரிந்ததா இல்லையா என்று இனிமேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் கையாலேயே திறந்து பார்க்கலாம்.

வண்டியைக் கொண்டுவந்தவர், துரையின் மகன், தினமும் வந்தார். காரின் மீது கையை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார். ஒரு நாள் துணி சுற்றிய வயர்தான் வேண்டும், பிளாஸ்டிக் கண்ணில் படக் கூடாது என்பார். மறுநாள் கேசட் பிளேயர் மாட்ட ஒரு லைன் வேண்டும் என்பார். அதற்கு அடுத்த நாள், கரண்டுக்கு எதுக்கு இத்தனை கலர், எல்லாவற்றையும் கறுப்பாகப் போட்டால் அழகாக இருக்காதா என்றார். பச்சை வயரில் வெள்ளைக் கோடு, பழுப்பு வயரில் நீலக் கோடு என்று ஒவ்வொன்றுக்கும் கலர் வைத்திருப்பது அடுத்து வருகிறவன் பிழைத்துப் போகட்டும் என்றுதான் என்று அவருக்கு விளங்கவைக்க அரை மணி நேரம் ஆனது. விளங்கியதா என்று தெரியாது. “மதி மதி” என்று, போதும் என்கிற மாதிரி தலையாட்டினார்.

அவர் இல்லாத ஒரு காலையில் டாஷ்போர்டைக் கழற்றினேன். இந்த மாதிரி வண்டிகளில் வண்டியின் கரண்டு முழுக்க அம்மீட்டர் வழியாகத்தான் போகும். வயரிங் எரிந்தால் முதலில் அந்த இடம்தான் காட்டிக்கொடுக்கும். ரப்பர் உருகித் தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும், தாமிரம் கறுத்து ஊதாவாகும், அந்த நாற்றம் எத்தனை வருஷமானாலும் போகாது. டார்ச்சை அடித்து உள்ளே தலையை விட்டேன். பழைய துணியின் மக்கல் வாசனை. கொஞ்சம் எலிப்புழுக்கை. அவ்வளவுதான். அம்மீட்டரின் பின்னால் வயர்கள் கம்பெனியில் மாட்டியபடியே இருந்தன, நட்டின் மேல் பூசிய பெயிண்ட்கூட உடையவில்லை.

அப்படியும் நான் அவசரப்படவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் காத்த விஷயம், ஒரு இடத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு முழு வயரிங்கையும் ஒரு வெட்டுக்கூட இல்லாமல் உருவி எடுத்தேன். பட்டறைத் தரையில் நீளமாக விரித்துப் போட்டேன். முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை விரல் விரலாகத் தடவிக்கொண்டு போனேன். பின்பக்கம் மூன்று இடத்தில் எலி கடித்திருந்தது. ஹார்னுக்குப் போகிற இடத்தில் யாரோ ஒரு காலத்தில் டேப் சுற்றியிருந்தார்கள். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, இருபத்தைந்து வருஷம் சும்மா கிடந்தால் அது அப்படித்தான் ஆகும். எரிந்த இடம் ஒன்றுகூட இல்லை. யாரும் பிரித்துச் சரி பண்ணிய இடமும் இல்லை. துணிக்கட்டின் முனைகளில் கம்பெனியில் போட்ட தையல் அப்படியே இருந்தது.

கடைசியாக ஒரு பாட்டரியைக் கொண்டுவந்து, தரையில் கிடந்த அந்த வயரிங்கிலேயே பழைய ஸ்விட்சையும் பழைய முன் விளக்கையும் மாட்டினேன். பிளஸ்ஸை எர்த்துக்குக் கொடுத்து ஸ்விட்சைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. கண்ணாடி மங்கிப்போயிருந்ததால் மஞ்சளாக எரிந்தது. பட்டப்பகலில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தேன். பல்பின் சூடு முகத்தில் பட்டது.

பொய் என்று தெரிந்த நிமிஷத்தில் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அருவருப்புதான் வந்தது. கொலை செய்ய நினைத்தவன் என்றால்கூட ஒரு மட்டுக்குப் புரியும். இந்த ஆள் ஒன்றும் நினைக்கவே இல்லை. வாசலில் ஒரு கூலிக்காரன் மூச்சிரைக்க நிற்கிறான், கைக்கு எட்டிய ஒரு சாக்கு வாயில் வந்துவிட்டது. டயர் பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். பெட்ரோல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வயரிங் வாயில் வந்தது. அந்த வாயைக் கொண்டுதான் அவர் ஞாயிற்றுக்கிழமை தேவாரம் பாடினாரோ, வேதம் வாசித்தாரோ, எனக்குத் தெரியாது.

மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. “அச்சன் உண்டா சார்?” என்று மட்டும் கேட்டேன். உண்டு, எழுபத்திரண்டு வயது, கவடியார் வீட்டில் இருக்கிறார், நடமாட்டம் உண்டு என்றார். வண்டி எடுக்கிற அன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கையால்தான் முதல் விளக்கைப் போட வேண்டும் என்றேன். மகனுக்கு அப்படியே உள்ளம் குளிர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தமிழன் எவ்வளவு பண்பு தெரிந்தவன் என்று அன்று சாயங்காலம் சங்கத்தில் பேசியிருப்பார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஆளின் வாயால், வயரிங் எரியவில்லை என்று ஒரு தடவை கேட்க வேண்டும். என் அப்பா கேட்காமல் விட்டதை நான் கேட்டு வாங்க வேண்டும்.

புது வயரிங்கை ஒழுங்காகவே கட்டினேன். மோசமாகக் கட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. விதுரா ரோட்டில் ஒரு நாள் சாயங்காலம் விளக்கு அணையட்டுமே என்று தோன்றியது. பிறகு, அந்த மாதிரி ஆளுக்காக என் வேலையைக் கெடுத்துக்கொள்வதா என்று விட்டுவிட்டேன். ஒரு முழு ப்ளைவுட் பலகையில் பழைய வயரிங்கைப் படுக்கவைத்து, அது வளைகிற, பிரிகிற இடத்திலெல்லாம் ஆணி அடித்தேன். பழையதை எடுத்துவிட்டு அந்த ஆணிகளின் வழியாகப் புது வயர்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். கலருக்குக் கலர் மாறாமல், நீளத்துக்கு நீளம் விரற்கடை கூடாமல். மெழுகு தடவிய நூலால் இடைவிட்டு இடைவிட்டு முடிச்சுப் போட்டு, மேலே பருத்தி நாடாவை இறுக்கிச் சுற்றி வார்னிஷ் பூசினேன். பதினேழு நாள் ஆனது. கேசட் பிளேயருக்கும் ஒரு லைன் கொடுத்தேன். அதை வேறு வேண்டாம் என்று சொல்லி ஜென்மப் பகை தேடுவானேன்.

சொன்ன நாளில், காலை பத்து மணிக்கு, மகன் தன் புதுக் காரில் கிழவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் நினைத்து வைத்திருந்த ஆள் வேறு. வாசல்படியில் இடுப்பில் கைவைத்து நிற்கிற, பூட்ஸ் போட்ட ஆள். வந்தவர் தோள் சுருங்கி, கழுத்துப் பட்டனைப் பூட்டிய சட்டையில், கையில் தடியோடு வந்தார். முகம் மட்டும் அதே முகம். பட்டறை நாற்காலியில் உட்காரவைத்தேன். என்னை அவருக்குத் தெரியாது. லயத்துப் பிள்ளைகளின் முகத்தை அவர் எந்தக் காலத்தில் பார்த்தார், இப்போது ஞாபகம் வைத்திருக்க.

விளக்கைப் போடக் கிழவர் எழவில்லை, மகனே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போட்டார். முன் விளக்கு இரண்டும் கண் கூசுகிற மாதிரி எரிந்தன. கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மதி. அணை.”

மகனின் முகம் வாடிவிட்டது. சங்கத்துக்காரர் ஒருவரை வண்டி பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன், வழி தெரியாமல் பாலத்தில் நிற்பார், போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று புறப்பட்டுப் போனார். இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. மூலையில் சுருட்டி வைத்திருந்த பழைய வயரிங்கைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டேன்.

“சார், இது உங்க பழைய வயரிங். முழுசாப் பாத்துட்டேன். இது எரியவே இல்ல.”

அவர் அதைப் பார்த்தார். தடியின் நுனியால் லேசாகத் தள்ளினார். பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மகன்கிட்டச் சொல்லிட்டியா?”

“இல்ல.”

“சொல்லண்டாம்.”

அவ்வளவுதான். நான் இருபத்தைந்து வருஷமாகக் கேட்க நினைத்தது ஒரே சொல்லில் வந்துவிட்டது. வாங்கியதும் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. அவர் வெட்கப்படவும் இல்லை. பிள்ளையிடம் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்ற கவலை மட்டும்தான்.

“அப்பறம் எதுக்கு சார் வண்டிய எடுக்கல? நல்ல வண்டி. மறுநாளே எடுத்திருக்கலாமே.”

இதை நான் குத்தலாகத்தான் கேட்டேன். அவர் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது போல, தோட்டத்துத் தமிழில் பேச ஆரம்பித்தார். முகத்தில் எரிச்சல் தெரிந்தது.

“எப்படி எடுக்கிறது? ஒருத்தன் விடணுமே. அங்க ஒரு கூலி இருந்தான். அவன் பெஞ்சாதி பாம்பு கடிச்சுச் செத்துட்டா. அன்னைக்கு வயரிங் எரிஞ்சு போச்சுன்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன். பத்து நாள் கழிச்சு வேலைக்கு வந்தான். காலைல பெரட்டுல ஆள் எடுத்துக்கிட்டிருக்கேன், எல்லாரும் நிக்கிறாங்க. கையக் கூப்பிக்கிட்டு முன்னால வந்து கேக்கான், ‘தொரை, வண்டி சரியாயிருச்சுங்களா’ன்னு.”

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டம். முந்நூறு பேர் நிற்பார்கள். துரை கேட்டால் தவிர அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

“இல்லன்னேன். சரிங்கன்னு போயிட்டான். மறுநாளும் வந்தான். அதே கேள்வி. அதுக்கு மறுநாளும். தெனமும். மழையா இருக்கட்டும், பனியா இருக்கட்டும், கையக் கூப்பிக்கிட்டு நிப்பான். குரல் ஒசராது. நான் என்ன சொல்லுவேன்? சரியாயிருச்சுன்னு சொன்னா முந்நூறு பேரும் என்னப் பாப்பாங்க. இல்லன்னே சொன்னேன். இல்லன்னு சொல்லிட்டு வண்டிய வெளிய எடுக்க முடியுமா? ஷெட்டப் பூட்டுனேன். கம்பெனி ஜீப்புக்கு எழுதிப் போட்டேன்.”

“வேலைய விட்டு நிறுத்திருக்கலாமே.”

“என்ன குத்தம் எழுதுறது? தொரை வண்டியப் பத்தி அக்கறையா விசாரிச்சான்னா?” அவர் தடியைத் தரையில் தட்டினார். “பன்னெண்டு வருசம். ஒரு நாள் விடல. ஒரு தடவ காய்ச்சல்ல கெடந்து எழுந்து வந்தான். ஆள் நிக்க முடியல, பக்கத்துல ரெண்டு பேர் பிடிச்சிருக்காங்க. அன்னைக்கும் கேட்டான். வேலை முடிஞ்சு ஊருக்குப் போனான். அப்பாடான்னு ஷெட்டத் தொறக்கச் சொன்னேன். மறுநாள் பெரட்டுல வேற ஒருத்தன் முன்னால வந்து கையக் கூப்புறான். அவன் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கான். நான் ரிட்டயராகி எறங்குற வரைக்கும் ஆள் மாறி ஆள் கேட்டாங்க. கடைசில தார்ப்பாயப் போட்டு மூடி, லாரியில ஏத்தித்தான் கொண்டுவந்தேன்.”

அவர் இன்னும் ஏதோ சொன்னார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு நல்ல வண்டி வீணாகப் போனது பற்றி. என் காதில் விழவில்லை.

வீட்டு வாசலில் பீடியோடு நிற்கிற அந்த முதுகு எனக்கு நினைவுக்கு வந்தது. எத்தனை தடவை அந்த முதுகைப் பார்த்து முதுகெலும்பு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சட்டையைப் பிடித்திருந்தால் அன்றைக்கே லயத்திலிருந்து அவரைத் துரத்தியிருப்பார்கள், துரை மறுநாள் காரில் கிளப்புக்குப் போயிருப்பார், கதை முடிந்திருக்கும். அப்பா சட்டையைப் பிடிக்கவில்லை. முந்நூறு பேர் முன்னால், தினம் ஒரு தடவை, பன்னிரண்டு வருஷம் அந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லும்படியாக நான் ஒரு நாளும் கேட்கவும் இல்லை. இந்த ஊரில் பழைய கார்க்காரர்களையும் துரையையும் அதிகாரியையும் அடிவயிற்றிலிருந்து இளப்பமாகப் பார்த்துப் பழகியவன், அந்தப் பார்வையை வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் அவர் தட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறியிருக்கிறேன். எனக்கு அங்கேயே, அந்த ஆளின் முன்னாலேயே அழுகை வந்தது. கையில் இருந்த கந்தையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அது கிரீஸ் கந்தை.

வெளியே கார்ச் சத்தம் கேட்டது. மகன் சங்கத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் குனிந்து பம்பரைத் தடவ ஆரம்பித்தார். மகன் பழைய வண்டியின் முன்கதவைத் திறந்து, “அச்சா, கேறிக்கோ, வீடு வரைக்கும் இதிலயே போலாம்” என்றார். கிழவர் தடியை ஊன்றி எழுந்தார். கதவு வரை வந்தார்.

நான் சாவியை மகனிடம் கொடுத்தேன். பிறகு கிழவரின் முன்னால் போய் நின்றேன். நான் யாரையும் கும்பிடுகிறவன் இல்லை, கோயிலில்கூட. கிரீஸ் படிந்த இரண்டு கையையும் கூப்பினேன்.

“வண்டி சரியாயிருச்சுங்க, தொரை.”

மகன் சிரித்தார். சங்கத்துக்காரரும் சிரித்தார், தமிழர்கள் எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் என்று ஏதோ சொன்னார். கிழவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். கதவின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். மகன் எவ்வளவோ சொல்லியும் அவர் அந்தக் காரில் ஏறவில்லை. மெதுவாகத் திரும்பி நடந்து, புதுக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.